பொருநை நாடு போற்றிய புலவர் கால்டுவெல்

நம் கல்லூரி மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் தமிழ்ப் பாடவேளையில் ஒரு வினா விடுத்தார். அநுராதபுரத்தார்க்குக் கல்வெட்டுகள் உண்டு. யாழ்ப்பாணத்தார்க்கு மன்னர் மரபு உண்டு. காப்பிக் காலத்தில் கடல் கடந்து வந்து, இன்று தேயிலைச் செடிகளின் நடுவே லயங்களில் வாழும் நம்மவர்க்குச் சொல்லிக்கொள்ள என்ன பழமை உண்டு என்பதே அவ்வினா. வகுப்பில் எவரும் நகைத்திலர். வினவியவர் முகத்திலும் குறும்பு இல்லை, வாட்டமே இருந்தது. மணி அடித்துவிட்டமையால் அன்று முழு விடை கூற இயலவில்லை. யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, அவ்விடையையே எழுதித் தருவதெனத் துணிந்தேன். அவ்விடையைத் தம் வாழ்வால் நமக்கு ஈந்து சென்ற பெரியார் ஒருவர் உளர். அவரே றொபேட் கால்டுவெல் ஐயர்.

இந்துக் கல்லூரி மலரில் கிறித்தவ அத்தியட்சர் ஒருவரின் வரலாறு எதற்கு எனச் சிலர் எண்ணுதல் கூடும். சைவத்தின் காவலராய் விளங்கிய நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்கிய வரலாற்றை நாம் மறத்தலாகாது. சமயத்தில் எதிர் நின்றோரிடத்தும் தமிழ் பற்றிய உண்மை இருப்பின் அதனைக் கொள்ளுதல் நம் முன்னோர் காட்டிய நெறியேயாம்.

இளமை

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்கொத்லாந்து நாட்டினர். செல்வமற்ற குடும்பம். அவர் பத்து வயதுச் சிறுவராய் இருந்தபோது குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. முறையான பள்ளிக் கல்வி அவருக்கு நிரம்பக் கிட்டவில்லை. கையில் அகப்பட்ட நூல்களையெல்லாம் தாமே படித்துத் தேர்ந்தார். பதினாறாம் வயதில் டப்ளின் நகர் சென்று ஓவியம் பயின்றார். பின்னர் அதனை விடுத்துச் சமயப் பணியில் நாட்டங்கொண்டு, இலண்டன் மிசனரிச் சங்கத்தைச் சார்ந்து, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கற்றார். ஆங்கே கிரேக்க மொழி கற்பித்த சாண்ட்போட் என்னும் பேராசிரியரின் விரிவுரைகள், மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் வேட்கையை அவர் உள்ளத்தில் விதைத்தன.

1837இல் கப்பலேறிய கால்டுவெல், 1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் சென்னையில் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. தெலுங்கு மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தந்த சி. பி. பிரவுண் அக்கப்பலிலேயே உடன் வந்தார் என்பது நினைத்தற்குரியது. தென்மொழிகள் இரண்டிற்குப் பெருந்தொண்டு புரிந்த இருவர் ஒரே மரக்கலத்தில் வந்தனர்.

இடையன்குடி

சென்னையில் மூன்றாண்டுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்ற அவர், 1841இல் வேறொரு சபையைச் சார்ந்து, திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றப் புறப்பட்டார். பல்லக்கும் குதிரையும் வெள்ளையர்க்கு எளிதிற் கிடைத்த காலம் அது. அவரோ நடந்தே சென்றார். சிதம்பரம், கும்பகோணம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி, கோவை, நீலகிரி, மதுரை எனப் பல ஊர்களையும் கண்டு, மக்களுடன் உரையாடி, அவர்தம் பேச்சையும் பழக்கங்களையும் செவியாலும் கண்ணாலும் கற்றுக்கொண்டே சென்றார். ஏட்டுத் தமிழைச் சென்னையிற் கற்றவர் நாட்டுத் தமிழை இவ்வழிநடையிற் கற்றார் எனலாம்.

1841ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். பொருநையாறு பாயும் வளமான வயல்களுக்குத் தெற்கே, செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ்ந்த ஊர் அது. காற்றடித்தால் மணல் பறக்கும், மழை அரிது. பனையேறி வாழும் ஏழை மக்கள் வதிந்த அவ்வூரைத் தம் ஊராக்கிக்கொண்டார். தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறுகள் தோண்டுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1844இல் நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட் ஐயரின் மகளார் எலிசாவை மணந்தார். அவ்வம்மையார் தமிழ் நாட்டின் தென்கோடியில் வளர்ந்தவராதலின் மக்கள் பேச்சைச் சரளமாகப் பேச வல்லவர். பெண்களுக்குப் பள்ளி நடத்தியதோடு, அவர்க்கு நூற்பின்னல் வேலையும் கற்பித்து, கைத்தொழிலால் வருவாய் பெறச் செய்தார்.

ஒப்பிலக்கணம்

அக்காலத்து அறிஞர் பலர், இந்திய மொழிகள் அனைத்திற்கும் வடமொழியே தாய் எனக் கருதினர். அக்கருத்து தவறென 1816இலேயே சென்னையில் எல்லிசு என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினார். ஆயின் அவர் எழுதியது ஒரு நூலின் முகப்பில் அமைந்த சிறு குறிப்பே. அதனைப் பெரும் ஆராய்ச்சியாய் விரித்து ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியவர் கால்டுவெல். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் இலண்டனில் வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது.

கடன் வாங்கிய சொற்களை ஒதுக்கிவிட்டு, எந்த மொழியும் எளிதிற் கடன் வாங்காத சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். தன்மை முன்னிலைப் பெயர்கள், எண்ணுப் பெயர்கள், உடலுறுப்புகளின் பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினை விகுதிகள் ஆகியவையே அவை. நாம் கண் என்பதைக் கன்னடர் கண்ணு என்பர். தெலுங்கர் கன்னு என்பர். நம் மூன்று கன்னடத்தில் மூறு, தெலுங்கில் மூடு. நம் நான் கன்னடத்தில் நானு; தெலுங்கில் நேனு. வடமொழியிலோ இவற்றுக்கு முற்றிலும் வேறான சொற்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறோடு, எழுத்தில்லாத் தோடர், கோத்தர், கோண்டர் முதலியோரின் மொழிகள் ஆறையும் சேர்த்துப் பன்னிரண்டினை ஒரே குடும்பமெனக் காட்டினார். நீலகிரி மலையில் எருமை மேய்க்கும் தோடரின் பேச்சும் கம்பர் கவிபாடிய மொழியும் ஒரே வேரின் கிளைகள் என்பது அன்று புதுமையான செய்தி. எழுத்தறியா மக்களின் பேச்சையும் ஏட்டுக்கு நிகராக மதித்தமையே கால்டுவெல்லின் பெருமை.

நம் மலைநாட்டினர் கருதத்தக்க செய்தி ஒன்றும் அந்நூலில் உண்டு. தமிழர் எங்கெங்குப் பரந்து வாழ்கின்றனர் எனக் கூறுமிடத்து, இலங்கையின் காப்பித் தோட்டங்களில் உழைப்போர் தமிழரே என்பதை அவர் குறித்துள்ளார். தோட்டத் தொழிலாளரைக் கணக்கேட்டில் வெறும் எண்களாக எழுதிய காலத்தில், அவரைத் தமிழ் மொழியின் எல்லையை விரிவாக்கியவராக ஒரு மொழி நூல் குறித்தது.

வடக்கே நோக்கிய கண்

திராவிட மொழிகள் வடமொழியின் கிளைகள் அல்லவாயின், அவற்றுக்கு உறவு எங்கே என்னும் வினா எழுந்தது. டென்மார்க் நாட்டு மொழிநூலறிஞர் இராசுக்கு என்பவர் இதற்கு ஒரு விடையைக் குறிப்பாகக் கூறியிருந்தார். அவர் 1821-1822ஆம் ஆண்டுகளில் இலங்கையில் தங்கிப் பாளியும் சிங்களமும் கற்றவர். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வழங்கும் துருக்கி, மொங்கோலியம் முதலியவற்றோடும், வடக்கே பின்லாந்து மொழியோடும் தென்னிந்திய மொழிகளுக்கு உறவுண்டென அவர் கருதினார். அம்மொழிகளை அக்காலத்தார் சித்திய மொழிகள் என்றனர். கால்டுவெல் அக்கருத்தை ஏற்று விரிவாக ஆராய்ந்தார்.

அவர் கண்ட ஒப்புமை வியப்புக்குரியதே. துருக்கியில் எவ் என்றால் வீடு. லெர் என்பது பன்மை விகுதி. தெ என்பது இடப்பொருள் உருபு. எவ்லெர்தெ என்றால் வீடுகளில். நம் தமிழிலும் வீடு, கள், இல் என அதே வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வருகின்றன. இரு மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். உருபுகள் பெயருக்குப் பின்னரே வரும். வந்த மனிதன் என்பதுபோலப் பெயரெச்சத்தால் பெயரைத் தழுவும் முறையும் இரண்டிலும் உண்டு.

ஆயினும் அவர் காலத்தில் துருக்கி மொழியின் மிகப் பழைய வடிவம் அறியப்படாதிருந்தது. ஒரு பாட்டனையும் பேரனையும் ஒப்பிட விரும்புவோன் இருவரையும் இளமையில் காணல் வேண்டும். துருக்கியின் இளமை மொங்கோலியா நாட்டில் ஓர்கோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் கற்களிற் பொறிக்கப்பட்டுக் கிடந்தது. படிப்பார் எவரும் இலர்.

ஓர்கோன் கற்கள்

1889இல் உருசிய ஆராய்ச்சியாளர் யாத்திரின்செவ் அப்பள்ளத்தாக்கில் இரண்டு பெருங் கற்களைக் கண்டறிந்தார். ஒன்று 731இல் இறந்த கூல் தெகின் என்னும் துருக்கி இளவரசனுக்கு 732இல் நாட்டியது. மற்றது 734இல் இறந்த அவன் தமையன் பில்கே ககானுக்கு 735இல் நாட்டியது. கல்லின் ஒரு பக்கம் சீன எழுத்து. ஏனைய பக்கங்களில் எவரும் அறியாத கோட்டெழுத்து. டென்மார்க் நாட்டு வில்லெம் தொம்சென் என்பார் அதனை ஆராய்ந்து, கடவுளையும் வானையும் குறிக்கும் தெங்ரி என்னும் சொல்லையும் துருக்கர் என்னும் இனப் பெயரையும் முதலில் இனங்கண்டு, எழுத்து முழுவதையும் படிக்கும் திறவுகோலை 1893ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள் வெளியிட்டார். கால்டுவெல் இறந்து இரண்டாண்டுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது. தாம் வாழ்நாளெல்லாம் தேடிய சான்று தம் கண்மூடியபின் வெளிப்படுதல் அறிஞர் பலர்க்கு நேர்ந்த ஊழே.

அக்கற்களில் அரசன் தன் மக்களை விளித்துப் பேசுகின்றான். அயலாரின் இன்சொல்லிலும் பட்டிலும் மயங்கித் தம் நிலத்தைவிட்டு அகன்ற துருக்கர் அடிமைகளாயினர் என்றும், தம் பெயரையும் வழக்கையும் இழந்தனர் என்றும், பின்னர் மீண்டும் எழுந்து தம் ஆட்சியை அமைத்தனர் என்றும் அவன் நினைவூட்டுகின்றான். இப்பள்ளத்தாக்கிலேயே பிற்காலத்தில் உய்குர் மக்களின் தலைநகரும், செங்கிசுகான் வழியினரின் காரகோரம் நகரும் எழுந்தன. 2004இல் ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் இதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றது.

பழந்துருக்கி வெளிப்பட்ட பின் நாமே எளிதில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றுக்கு அம்மொழியில் பிர், எகி, உச் என்பவை சொற்கள். கண், நான், மூன்று ஆகியவற்றில் தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையே கண்ட உறவு இங்கு இல்லை. சொல்லமைக்கும் முறை ஒத்திருத்தல் மட்டும் குருதி உறவுக்குச் சான்றாகாது. இன்றைய அறிஞருள் பெரும்பாலோர் திராவிடத்தைத் தனிக் குடும்பமாகவே கொள்கின்றனர். எனவே கால்டுவெல்லின் சித்தியக் கொள்கை நிலைக்கவில்லை. ஆயின் அக்கொள்கையை மறுக்கப் பயன்படும் முறையே அவர் கற்பித்த முறை என்பதை நாம் உணர்தல் வேண்டும். தம்மையே திருத்தும் கருவியைப் பிறர் கையில் தந்து செல்வோனே நல்லாசான்.

கொற்கை

மொழியில் மட்டுமன்றி மண்ணிலும் பழமையைத் தேடினார் கால்டுவெல். பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிய கொற்கையில் அகழ்ந்து பார்த்து, கொற்கை, காயல் ஆகிய இடங்களில் தாம் கண்டவற்றை 1877இல் வெளியிட்டார். முன்னாளில் கடற்கரைப் பட்டினமாய் இருந்த கொற்கை, பொருநை கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு உள்ளே ஒதுங்கிவிட்டதை விளக்கினார். ஆங்கே முதுமக்கட் தாழிகளைக் கண்டார். பழைய காயலில் சீனத்துப் பீங்கான் ஓடுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு, மார்க்கோ போலோ தம் நூலில் கூறிய காயில் பட்டினம் இதுவே என உறுதி செய்தார். அந்த மார்க்கோ போலோ மொங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானிடம் பணியாற்றியவர். ஓர்கோன் கரைக் காரகோரத்தையும் பொருநைக் கரைக் காயலையும் ஒரே நூலில் கூறியவர். இரு பள்ளத்தாக்குகளும் இவ்வாறு ஓர் ஏட்டில் சந்திக்கின்றன.

1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாறு இன்றும் ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் நூல். பொருநையின் மறுபெயரான தாம்பிரபரணியும் இலங்கையின் பழம்பெயரான தாம்பிரபர்ணியும் ஒன்றாயிருத்தலை அவர் அதில் ஆராய்கின்றார். ஆற்றங்கரையை விட்டுத் தீவுக்கு வந்த நம் பாட்டன்மார் ஒரு பெயரை விட்டு மறு பெயருக்கு வந்தாரல்லர். ஒரே பெயருக்குள்ளேயே வந்தனர்.

அவர் காட்டிய வழியில் பின்வந்தோர் அகழ்ந்தனர். ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரியா 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்து தாழிகளையும் வெண்கலப் பொருள்களையும் இரும்புக் கருவிகளையும் எடுத்தார். சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என ஆய்வில் தெரிந்ததாகத் தமிழ்நாட்டரசு 2021இல் அறிவித்தது. ஓர்கோன் கல்லினும் இப்பொருநை நெல் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூற்று எண்பது ஆண்டுகள் மூத்தது.

குறைகளும் நிறைகளும்

பெரியாரின் வரலாற்றைக் கூறுவோர் குறைகளை மறைத்தல் முறையன்று. 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றிக் கால்டுவெல் எழுதிய சிறுநூல், அம்மக்களைத் தாழ்வாகக் காட்டியது. தாம் நாளும் பழகிய மக்களையே அவ்வாறு எழுதியமை அவர்தம் உள்ளத்தைப் புண்படுத்தியது. கல்வி பெற்று முன்னேறிய அச்சமூகத்தார் பின்னாளில் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் எதிர்த்தது நேர்மையே. ஓர் இனத்தைப் பற்றி எழுதுவோன் அவ்வினத்தாரும் ஒருநாள் அதனைப் படிப்பர் என்பதை நினைந்து எழுதுதல் வேண்டும்.

தமிழிலக்கியத்தின் காலத்தையும் அவர் மிகப் பிந்தியதாகக் கணித்தார். சங்க நூல்கள் அப்போது அச்சேறவில்லை. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையின் கலித்தொகை 1887இலும், சாமிநாத ஐயரின் பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. ஏடுகள் இருளில் இருந்தமையால் நேர்ந்த பிழை இது. கருத்தின் கோணலால் நேர்ந்ததன்று.

1877இல் அவர் அத்தியட்சரானார். அவ்வாண்டுப் பெரும் பஞ்சத்தில் பசித்தோர்க்கு உணவளிக்கும் பணியில் ஈடுபட்டார். இடையன்குடியில் பல்லாண்டு முயன்று எழுப்பிய தேவாலயம் 1880இல் நிறைவுற்றது. 1891 சனவரியில் பணியிலிருந்து ஓய்வு பெற்று, ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் உயிர் நீத்தார். உடலை இடையன்குடிக்குக் கொணர்ந்து அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தனர். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் நாட்டைத் தம் நாடாகக் கொண்டவர் அவர். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

மாணவர்க்கு விடை

இனி, வினவிய மாணவர்க்கு வருகின்றேன். இன்று துருக்கி நாட்டில் வாழ்வோர் ஓர்கோன் கரையில் வாழ்வாரல்லர். அவர்தம் முன்னோர் பல்லாயிரம் மைல் நடந்து வேறு நாடு புகுந்தவர். எனினும் அக்கற்களைத் தம் மொழியின் முதற்கற்களாக அவர் போற்றுகின்றனர். பெயர்ந்து வந்தவர்க்குப் பழமை இல்லையென எவரும் கூறுவதில்லை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து காடும் கடலும் கடந்து வந்து, 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் உடன்படிக்கையால் இரு நாட்டுக்கும் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோரும் உரிமை பெற்ற நம் மக்களுக்கும் அதுவே பொருந்தும். கல் அங்கே கிடக்கலாம். சொல் இங்கே நம் வாயில் இருக்கின்றது.

பாட்டியார் பாடும் தாலாட்டும், காமன் கூத்தின் பாடலும், தப்பின் அடிகளுக்கு வழங்கும் பெயர்களும், பெரட்டுக்களம் முதலாய தோட்டச் சொற்களும் இன்னும் எவராலும் முழுமையாக எழுதப்பெறவில்லை. தோடரின் சொல்லையும் தள்ளாத கால்டுவெல் இன்று அற்றன் வந்திருப்பின், நூல்நிலையத்துக்குச் செல்லுமுன் லயத்துக்கே சென்றிருப்பார்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் சென்று, முன்னோரின் ஊர்ப் பெயரையும், அவர்கள் வந்த வழியையும், அவர்கள் மட்டுமே வழங்கும் நூறு சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அவற்றைக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்த்து வைப்போம். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் படிக்கப்படாத கல்லொன்று புதைகின்றது. இம்மலரைப் படித்து முடித்ததும், அன்று வினவிய மாணவர் முதற் குறிப்பேட்டைத் தொடங்குவாராக.